பெண்கள் இயற்றிய சங்கீதமும் சித்திர சாலையும்

சங்கீதத்துக்குத் தெய்வம் யார் என்று நமது மக்களைக் கேட்டால், சரஸ்வதி என்று சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும். காலண்டரில் பார்த்தாலும் அவள் கையில் வீணை; கொலுவில் பார்த்தாலும் அவள் கையில் வீணை. வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் படத்துக்கு முன்னால் பொரியும் கடலையும் வைத்துக் கும்பிடுகின்ற வீட்டாரைப் பார்த்து, “உங்களுக்குத் தெரிந்த பாட்டுகளில் ஒரு பெண் இயற்றிய பாட்டு எது? அவள் பெயர் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. வந்தாலும் ஆண்டாள் என்ற ஒரு பெயருக்கு மேல் வராது. வீணையைக் கொண்டுபோய் ஒரு படத்தின் கையில் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கின்ற பெண்ணின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது நமது சமுதாயம். இந்தச் செய்கைக்குத்தான் பெண்மையைப் போற்றுதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி இப்பொழுது எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. மேல்நாடுகளில் சித்திரங்களும் சிலைகளும் வைத்திருக்கும் பொதுக் காட்சிச்சாலைகளில் பெண்கள் இயற்றிய சங்கீதத்தையும் தேடியெடுத்து, ஜனங்களுக்கு முன்னால் நேராகப் பாடியும் வாசித்தும் காட்டுகின்ற நல்ல வழக்கம் ஏற்பட்டு வருகின்றது. இதைக் கேட்டதும் நம்மவர்களில் சிலர், “படம் பார்க்கிற இடத்தில் பாட்டு எதற்கு? அதிலும் பெண்கள் இயற்றியது என்று தனியாகப் பிரிப்பது எதற்கு?” என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். கேள்வி கேட்பது நல்லதுதான். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு சங்கதி. அமெரிக்காவின் தலைநகரமாகிய வாஷிங்டனில், பெண்களின் கலைக்கென்றே ஒரு காட்சிச்சாலை 1987ல் திறக்கப்பட்டது. அது உண்டான கதை கவனிக்கத்தக்கது. ஹாலடே என்னும் கணவனும் மனைவியும் ஐரோப்பாவில் சுற்றிப் பார்க்கும்பொழுது, சுமார் 400 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் தீட்டிய சித்திரங்களைக் கண்டு வியந்தார்கள். ஊர் திரும்பி, கல்லூரிகளில் பாடமாக வைத்திருந்த பெரிய சித்திர சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கிளாரா பீட்டர்ஸின் பெயர் அதில் இல்லை. அவள் பெயர் மாத்திரமா இல்லை? ஒரு பெண்ணின் பெயர்கூட அதில் இல்லை! அன்று முதல் பெண்களின் சித்திரங்களையே சேகரிக்க ஆரம்பித்துக் கடைசியில் காட்சிச்சாலையாக்கினார்கள். அதற்கு அவர்கள் வாங்கிய கட்டடம் எது தெரியுமா? மேசன் என்னும் சங்கத்தார் 1908ல் கட்டியது. அது ஆண்களின் சங்கம். அதில் பெண் அங்கத்தினராகச் சேர முடியாது. அந்தக் கட்டடத்துக்குக் கோயில் என்றே பெயர். பெண்ணுக்கு இடமில்லாத அந்தக் கோயிலில் இன்று பெண்களின் சித்திரங்கள் தொங்குகின்றன. பெண் வித்வான்களின் கச்சேரிகளும் நடந்திருக்கின்றன. கோயிலுக்கு இதைவிட நல்ல ஜீரணோத்தாரணம் உலகத்தில் வேறெங்காவது நடந்ததுண்டா என்று கேட்கின்றோம்.

நிற்க, நமது நாட்டுச் சங்கதிக்கு வருவோம். “இங்கே பெண்கள் பாடவில்லையா? மேடையேறவில்லையா? பட்டம் வாங்கவில்லையா?” என்று சபைக்காரர்கள் கேட்பார்கள். பாடினார்கள், வாங்கினார்கள். எப்பொழுது வாங்கினார்கள்? சென்னை சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928ல். சங்கீத கலாநிதி என்ற பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968ல். அந்தப் பெண் எம். எஸ். சுப்புலட்சுமி. நாற்பது வருஷ காலம் பெண்கள் பாட ஆண்கள் பட்டம் வாங்கினார்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

அதாவது போகட்டும். பாடுவது வேறு, இயற்றுவது வேறு. பெண் மேடையேறிப் பாடலாம். ஆனால் அவள் பாடுகின்ற பாட்டு ஓர் ஆண் செய்ததாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்து வந்திருக்கின்றது. சமைக்கிறவள் அவள், பந்தியில் உட்காருகிறவன் அவன் என்பது போலத்தான் இதுவும். சங்கீத மும்மூர்த்திகள் என்று மூவரைச் சொல்லுகின்றார்கள், மூவரும் ஆண்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் சொல்லப்படும் பெயர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள்; எத்தனை பெயருக்கு ஒரு பெண் வருகிறாள் என்று விரல் மடக்கிப் பாருங்கள். விரல் மடங்காது.

இதற்குப் பெண்களுக்கு மூளை இல்லாததுதான் காரணம் என்று சொல்லுகிற மேதாவிகள் இன்னும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நமது காஞ்சிபுரத்திலிருந்தே பதில் சொல்லுவோம். கச்சேரியில் பல்லவி என்று ஒரு பாகம் உண்டு. ஒரு வரியை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ராகத்தையும் தாளக் கணக்கையும் புதிது புதிதாகக் கற்பித்துக்கொண்டு போவது அது. சுருங்கச் சொன்னால், ஜனங்களுக்கு நேரிலேயே சங்கீதம் இயற்றுவது. ஆகவேதான் அதைப் பெண்கள் தொடக்கூடாது, அது ஆண்பிள்ளை வேலை என்று வைத்திருந்தார்கள். 1919ல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாள் அந்தப் பல்லவியை மேடையிலே பாடிக் காட்டினார். கடினமான தாளங்களில் பாடிக் காட்டினார். வித்வான்கள் வாயடைத்துப் போய், கடைசியில் அவரைப் “பல்லவி பட்டம்மாள்” என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். கதவு பூட்டியிருந்ததே தவிர, பெண்ணுக்குக் கால் இல்லாமலில்லை என்பது இதனால் விளங்கவில்லையா?

அதே காஞ்சிபுரத்தில் அவருக்கு முன்னாலேயே தனகோடி அம்மாள் என்றும், அவர் சகோதரி காமாட்சி அம்மாள் என்றும் பெயர்பெற்ற பாடகிகள் இருந்தார்கள். காமாட்சி அம்மாளின் மகன்தான் லயத்தில் புலி என்று சங்கீதக்காரர்கள் இன்றும் புகழுகின்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் தெரியும். அவர் பிறந்த வீட்டிலே சங்கீதத்தை வளர்த்த தாயின் பெயரும், தாயின் சகோதரி பெயரும் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்கள் இயற்றியதே இல்லை என்பது சுத்தப் பொய். காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்ற பண்களில் அமைந்தவை. தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர் அவர் என்று சைவர்களே ஒப்புக்கொள்ளுகின்றார்கள். அந்த அம்மையாரின் பக்தி நமக்கு உடன்பாடல்ல. அது வேறு விஷயம். ஆனால் அவருக்குப் புராணக்காரன் என்ன வழி வைத்தான் என்று பாருங்கள். அவர் தமது உடம்பின் சதையை உதறிப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கின்றது பெரிய புராணம். ஆண்டாளுக்கு என்ன வழி? அவள் கடவுளுக்கே பெண்சாதியாகிச் சிலையோடு கலந்துவிட்டாள் என்று கதை. ஆகவே, இந்த நாட்டில் ஒரு பெண் பாட்டு இயற்ற வேண்டுமானால், ஒன்று, பேயாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாமிக்கு மனைவியாகிவிட வேண்டும். பெண்ணாக, மனுஷியாக இருந்துகொண்டே பாட்டு இயற்றக்கூடாது! அப்பர் பேயாக வேண்டியிருந்ததா? சுந்தரர் சதையை உதறினாரா? இரண்டு பெண்களைக் கட்டிக்கொண்டே அவர் பாடினார் அல்லவா?

இன்னொரு வேடிக்கையையும் சொல்லுகின்றோம். பதம் என்ற வகைப் பாட்டுகளில் பெயர்பெற்றவை க்ஷேத்ரய்யா என்ற ஆண் 17-ம் நூற்றாண்டில் தெலுங்கிலே செய்தவை. அவற்றில் பேசுவது பெண். பெண்ணின் ஆசை, பெண்ணின் ஏக்கம், பெண்ணின் கோபம். ஆண் தன் மனத்தில் நினைத்துக்கொண்ட பெண்ணைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி ஆடினார்கள். அது தெய்வீகம் என்று பெயரெடுத்தது. அதற்கு அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூர் மராட்டிய அரசன் பிரதாபசிம்மன் சபையிலிருந்த முத்துப்பழனி என்ற தாசி, பெண்ணின் ஆசையைப் பெண்ணாகவே “ராதிகா சாந்தவனம்” என்ற தெலுங்குக் காவியமாக எழுதினாள். அதிலே தன் பாட்டியின் பெயரைச் சொல்லித் தன் மரபையும் கூறினாள். 1910ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைத் திருத்தமாக அச்சிட்டு வெளியிட்டார். உடனே ஆபாசம், ஆபாசம் என்று கூச்சல் கிளம்பிற்று. விதவா விவாகம் செய்துவைத்த வீரேசலிங்கம் போன்ற பெரிய சீர்திருத்தக்காரரே முத்துப்பழனியைத் தூற்றி எழுதியிருந்தார். 1911ல் சர்க்கார் அந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947ல். ஆண் எழுதினால் பக்தி, பெண் எழுதினால் ஆபாசம் என்ற நியாயம் எந்த மனுஷிக்கு எழுதப்பட்ட தர்மம்?

அதே நாகரத்தினம்மாள்தான் தமது சொந்தச் சொத்தைச் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கட்டடம் எழுப்பினார். ஆனால் அங்கே நடந்த உற்சவத்தில் பெண்களுக்குப் பாட இடமில்லை. 1927ல் அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக நடத்திக் காட்டிய பிறகே, சில வருஷங்கள் கழித்து ஆண் கட்சிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். பணம் அவளுடையது, கல்லும் சுண்ணாம்பும் அவளுடையது, மேடை மாத்திரம் அவர்களுடையது!

இது இப்படியிருக்க, “கலைக்கு ஆண் என்றும் பெண் என்றும் உண்டா? நல்ல பாட்டாக இருந்தால் தானே நிலைக்காதா?” என்று ஞானம் பேசுகிறவர்களும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ருசுக் காட்டுவோம். மெண்டல்சன் என்ற பெரிய சங்கீத வித்வானுக்கு ஃபான்னி என்று ஒரு மூத்த சகோதரி. தம்பிக்கு இருந்த வித்தை அவளுக்கும் இருந்தது. ஆனால் அவள் தகப்பனார், சங்கீதம் தம்பிக்குத் தொழில், உனக்கு அது ஓர் அலங்காரம்தான் என்று எழுதிவிட்டார். அவள் இயற்றிய பாட்டுகளில் ஆறு, தம்பியின் பெயராலேயே அச்சாயின. 1842ல் விக்டோரியா மகாராணி தமக்கு மிகவும் பிடித்த பாட்டு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவனுக்கு முன்னாலேயே பாடினாள். அது என் அக்காள் செய்தது என்று அவன் அப்பொழுது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதோடு போகவில்லை. ஃபான்னி 1828ல் பியானோவுக்காக எழுதிய ஒரு பெரிய உருப்படி காணாமற்போயிருந்தது. 1970ல் அதன் கையெழுத்துப் பிரதி பாரிஸில் அகப்பட்டது. அதைத் தம்பியுடையது என்றே முடிவு செய்து, அவன் பெயரால் வாசித்துப் பதிவும் செய்தார்கள். 2010ல் ஒரு பெண் ஆராய்ச்சியாளர் கையெழுத்தையும் பக்க எண்களையும் ஒத்துப் பார்த்து, அது ஃபான்னியுடையது என்று நிரூபித்தார். 2017-ம் வருஷம் மார்ச்சு 8-ந் தேதி மகளிர் நாளில் லண்டனில் அது அவள் பெயராலேயே வாசிக்கப்பட்டு ரேடியோவிலும் ஒலித்தது. எழுதி 189 வருஷம் ஆயிற்று! நல்லது தானே நிலைக்கும் என்கிற தோழர்களைக் கேட்கின்றோம்: சங்கீதம் நிலைத்தது, வாஸ்தவம். பெயர் நிலைத்ததா? நல்ல பண்டம் நிலைக்கும். அதன்மேல் யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவனுக்கே கூலி போய்ச் சேரும். அமெரிக்காவில் 1896ல் ஒரு பெண் செய்த பெரிய சிம்பொனியை பாஸ்டன் நகரத்து வாத்தியக் குழு வாசித்தது. அவள் பெயர் ஏமி பீச். ஆனால் வெகு காலம் அவள் புருஷனுடைய பெயரின் எழுத்துக்களைப் போட்டு, இன்னாருடைய சம்சாரம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள்.

இனிச் சித்திர சாலைக்கு வருவோம். கோயிலிலும் சபையிலும் இல்லாத ஒரு நல்ல பழக்கம் சித்திர சாலையில் இருக்கின்றது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பார்கள். செய்தவர் பெயர், செய்த வருஷம், செய்த பொருள். அவ்வளவுதான். தானாகத் தோன்றியது, சுயம்பு, கடவுள் சொல்ல எழுதியது என்ற பேச்சு அங்கே இல்லை. மனிதன் செய்தான், இந்த வருஷத்தில் செய்தான் என்பதே அங்கே கணக்கு. பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுவார்கள். பெண்கள் இயற்றிய பாட்டுக்கு இத்தனை காலமும் இல்லாமற்போனது இந்தச் சீட்டுத்தான். ஆகையால்தான் அந்தப் பாட்டுகளை அந்த மண்டபத்தில் பாட வேண்டும் என்கின்றோம். மேலும் அங்கே தீட்டு கிடையாது, கர்ப்பக்கிருகம் கிடையாது, இன்ன ஜாதியான் இந்தப் படிக்கு மேல் வரக்கூடாது என்பதும் கிடையாது.

படம் வைக்கிற மண்டபத்தில் பாட்டு ஒட்டாது என்பவர்கள் லண்டன் சங்கதியைக் கேட்கட்டும். 1939ல் யுத்தம் வந்ததும், அந்த நகரத்துத் தேசீய சித்திர சாலையிலிருந்த படங்களையெல்லாம் குண்டுக்குப் பயந்து வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். சுவர் காலியாகக் கிடந்தது. மைரா ஹெஸ் என்ற பியானோ வித்வாம்சினி, அந்த மண்டபத்தில் பகல் சாப்பாட்டு வேளையில் கச்சேரி நடத்தலாம் என்று யோசனை சொன்னார். அந்த வருஷம் அக்டோபர் மாதம் ஆரம்பித்து 1946 வரையில் 1,698 கச்சேரிகள் நடந்தன. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குமாஸ்தாவும் சிப்பாயும் கடைச் சிப்பந்தியும் வரிசையில் நின்று உள்ளே போனார்கள். குண்டு விழுகிற நாளில் கீழ்க்கட்டு அறையில் நடத்தினார்கள். ஒரு பெண்ணின் யோசனையால் ஒரு காலி மண்டபம், ஆறரை வருஷம், ஏழைக்கும் எட்டுகிற சங்கீத சாலையாக இருந்தது.

வாலாஜாபாத்துத் தோழர்கள், “நமது ஊரில் சித்திர சாலை எங்கே இருக்கின்றது?” என்று கேட்பார்கள். சித்திரம் இருக்கிறதா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள். தறியில் விழுகின்ற மயிலும் அன்னமும் ருத்திராட்சக் கரையும் சித்திரமல்லாமல் வேறென்ன? ஆனால் அந்தச் சேலைக்குச் சீட்டு உண்டா? கடைக்காரன் சீட்டு உண்டு, விலைச் சீட்டு உண்டு, காஞ்சிபுரம் பட்டு என்று ஊர்ப் பெயருக்குச் சர்க்கார் கொடுத்த பாதுகாப்பும் உண்டு. நெய்தவன் பெயர் எங்கே? நெய்தவன் பெயராவது கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கில் எங்காவது இருக்கலாம். வீட்டிலே ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்தவள் பெயர் எங்கே? கோர்வைச் சேலைக்குத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து, உடலும் கரையும் சேருகிற இடத்தில் புருஷனுக்குச் சரியாக நாடா தள்ளிக் கொடுக்கிறவள் பெயர் எங்கே? அவள் கை ஒரு தரம் தவறினால் சேலை கெட்டுப்போகும். கை தவறாவிட்டால் அவள் இருந்ததே தெரியாது. பெயரில்லாத வேலை என்றால் என்ன என்று சங்கீத வித்வானைவிட நெசவாளிக்கு நன்றாகத் தெரியும். ஆகையால்தான் இதை நெசவாளிகளிடம் சொல்லுகின்றோம்.

அந்தப் பெண் தார் சுற்றும்போது முணுமுணுக்கின்ற பாட்டு யார் செய்தது? பிள்ளையைத் தூளியில் போட்டு அவள் பாடுகின்ற தாலாட்டு எந்த மும்மூர்த்தி செய்தது? இழவு வீட்டில் செத்தவனுடைய பெயரையும் குணத்தையும் கோத்து, அந்த நிமிஷத்திலேயே புது அடி கட்டி அழுகிறாளே, அது பல்லவி அல்லவா? வயலில் நடவு நடுகிறவள் கட்டுகின்ற மெட்டு எந்த ராஜசபையில் கற்றது? எந்த மகாவித்வானானாலும் அவன் காதில் முதன்முதல் விழுந்த பாட்டு, எழுத்தறியாத ஒரு பெண் பாடியதுதான்.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இதுதான். மார்கழியில் பஜனைக்கும், ஆடியில் கூழுக்கும் செலவாகிறதில் ஒரு சிறு பங்கை எடுங்கள். ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தையோ, படிப்பகத்தையோ, ஒரு கல்யாண மண்டபத்தையோ ஒரு நாளைக்கு வாங்குங்கள். அங்கே சுவர் நெடுக நமது தறியில் நெய்த சேலைகளைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நெய்தவர் பெயர், தார் சுற்றியவர் பெயர், நாடா தள்ளியவர் பெயர் எழுதுங்கள். அந்தச் சித்திர சாலையின் நடுவே பெண்களைப் பாடச் சொல்லுங்கள். பாட்டுக்கு முன்னால், இது இன்னார் இயற்றியது, இன்ன வருஷம், மெட்டு இன்னாருடையது என்று உரக்கச் சொல்ல வேண்டும். மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) தமிழிலும் பிற பாஷைகளிலும் நூற்றுக்கணக்கான பாட்டுகளை எழுதினார். பெரும்பாலும் மெட்டு அமைத்தவர்கள் வேறு வித்வான்கள். இரண்டு பேரையும் சொல்லுவதுதான் நேர்மை. நமது தெருவிலுள்ள கிழவியின் ஒப்பாரியையும் அவள் பெயரோடு பாடட்டும். பள்ளிக்கூடம் போகிற பெண் தானே ஒன்று கட்டியிருந்தால் அதையும் பாடட்டும். தப்பாகப் பாடினால் பாதகமில்லை. ஆண்பிள்ளைகள் தப்பாகப் பாடியதைத்தான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருக்கிறோமே!

கடைசியாக நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. பெண் விடுதலை என்று மேடையில் பேசுவதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போனதும், “வாசலில் ஆள் இருக்கிறது, பாட்டை நிறுத்து” என்று மகளை அதட்டுகிறவர்கள் நமது கூட்டத்திலும் இருக்கின்றார்கள். மகளைச் சங்கீதம் படிக்க வைப்பதுகூடப் பெண் பார்க்க வருகிறவன் கேட்டால் இரண்டு பாட்டுப் பாடட்டும் என்பதற்காகத்தான். கல்யாணம் ஆன மறுநாள் சுருதிப்பெட்டி பரணுக்குப் போய்விடுகின்றது. ஃபான்னியின் தகப்பனார் சொன்ன அலங்காரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிச் சந்தைக்கு ஓட்டுவதற்கும் இதற்கும்தான் என்ன வித்தியாசம்?

பெண் இயற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். கேட்க வைத்தீர்களா என்பதே நமது கேள்வி. பெயரைச் சொல்லி ஒரு தரம் பாட வையுங்கள். நன்றாயிருந்தால் ஜனங்கள் மறுபடியும் கேட்பார்கள், நன்றாயில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். ஆண்களின் பாட்டுக்கு எந்தப் பரீட்சையோ அதே பரீட்சை பெண்களின் பாட்டுக்கும் இருக்கட்டும். பரீட்சைக் கூடத்துக்குள் விடாமலே தோற்றுவிட்டாள் என்று சொல்லுகின்ற அயோக்கியத்தனம் மாத்திரம் வேண்டாம். வாலாஜாபாத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள வாலிபர்கள், முக்கியமாகப் பெண்கள், இதை இந்த வருஷத்திலேயே நடத்திக் காட்ட முன்வர வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகின்றோம்.